குழந்தைக்கு எவ்வளவு திரவம், எவ்வளவு உணவு: எடையிலிருந்து கணக்கிடும் முறை

குழந்தைக்குத் தேவையான நீரையும் உணவையும் கணக்கிடும் வேலை தாளில் தொடங்குவதில்லை, தராசில் தொடங்குகிறது. இந்தக் கட்டுரையில் வரும் பெரும்பாலான வாய்பாடுகள் எடையைப் பெருக்கியே விடையைத் தருவதால், எடையில் நேரும் பிழை விடையில் அப்படியே வந்து சேரும். 7 கிலோ குழந்தையை 9 கிலோ என்று எழுதிவிட்டால் அன்றாடத் திரவக் கணக்கில் மட்டும் 200 மி.லி. கூடுதலாகிவிடும், சுருங்கிய வயிறும் இளைத்த உடலுமாக வந்த குழந்தைக்கு அது சிறிய அளவன்று. சென்ற மாதத் தடுப்பூசி அட்டையில் உள்ள எடை இன்றைய எடையாகாது.

பச்சிளங்குழந்தையை எடை போடும் தராசு 5 அல்லது 10 கிராம் வரை துல்லியமாகக் காட்ட வேண்டும். துணியை விரித்து, முள்ளையோ எண்ணையோ பூஜ்யத்துக்குக் கொண்டுவந்த பிறகே குழந்தையைக் கிடத்த வேண்டும். ஆடை, டயப்பர், வெள்ளிக் கொலுசு, காப்பு, அரைஞாணில் கோத்த தாயத்து ஆகியவற்றைக் கழற்றிவிட வேண்டும். கழற்ற வீட்டார் தயங்கினால் வற்புறுத்தத் தேவையில்லை, ஒவ்வொரு முறையும் அவற்றுடனேயே எடை போட்டு அதைக் குறித்து வைத்தால் போதும். சிரை ஊசி நகராமல் இருக்கக் கையில் கட்டிய அட்டையின் எடையையும் மறக்கக் கூடாது. ஒரு கிலோவுக்குச் சற்று மேற்பட்ட குழந்தையின் ஒரு நாள் வளர்ச்சியை அந்த அட்டை ஒன்றே மறைத்துவிடும்.

தராசு கிடைக்காத அவசரத்தில் வயதைக் கொண்டு எடையை மதிப்பிடலாம். 3 முதல் 12 மாதம் வரை, மாதக் கணக்கில் வயதுடன் 9 கூட்டி இரண்டால் வகுக்க வேண்டும். 1 முதல் 6 வயது வரை, வயதை இரண்டால் பெருக்கி 8 கூட்ட வேண்டும். இப்படி மதிப்பிட்டது என்பதைக் குறிப்பில் எழுதிவிட்டு, வாய்ப்புக் கிடைத்தவுடன் உண்மையான எடையைப் பார்த்துக் கணக்கைத் திருத்துவது கட்டாயம்.

அன்றாடத் திரவத்தின் அடிப்படைக் கணக்கு

பச்சிளம் பருவத்தைக் கடந்த, அதாவது 28 நாளைத் தாண்டிய குழந்தைக்கு இன்றும் பயன்படுவது 1957-இல் ஹாலிடே, செகார் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் வெளியிட்ட வாய்பாடு. உடல் செலவிடும் ஒவ்வொரு 100 கிலோகலோரிக்கும் ஏறத்தாழ 100 மி.லி. நீர் வேண்டும் என்பதே அவர்கள் எடுத்துக்கொண்ட அடிப்படை. சிறிய உடல் கிலோவுக்கு அதிக ஆற்றலையும் பெரிய உடல் குறைந்த ஆற்றலையும் செலவிடுவதால், கணக்கு மூன்று படிகளாக இறங்குகிறது: முதல் 10 கிலோவுக்குக் கிலோவுக்கு 100 மி.லி., அடுத்த 10 கிலோவுக்குக் கிலோவுக்கு 50 மி.லி., அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு கிலோவுக்கும் 20 மி.லி.

14 கிலோ எடையுள்ள குழந்தையை எடுத்துக்கொள்வோம். முதல் 10 கிலோவுக்கு 1,000 மி.லி., மீதி 4 கிலோவுக்கு 200 மி.லி., ஆக நாளொன்றுக்கு 1,200 மி.லி.; 24 மணி நேரத்துக்குப் பகிர்ந்தால் மணிக்கு 50 மி.லி. இதையே வார்டில் மணிக்கணக்காக நினைவில் வைக்க 4, 2, 1 என்ற சுருக்கத்தைப் பயன்படுத்துவார்கள்: மணிக்கு, முதல் 10 கிலோவுக்குக் கிலோவுக்கு 4 மி.லி., அடுத்த 10 கிலோவுக்கு 2, அதற்கு மேல் 1. அதன்படி 40 உடன் 8 சேர்ந்து மணிக்கு 48 மி.லி. வரும். இரண்டு விடைகளும் ஒத்துவரவில்லையே என்று பயிற்சிக்கு வரும் செவிலியர்கள் கேட்பதுண்டு. 100-ஐ 24-ஆல் வகுத்தால் 4-க்குச் சற்று மேலே வருவதை முழு எண்ணாக்கியதால் எழுந்த வேறுபாடு அது. மணிக்கு இரண்டு மி.லி. வேறுபாட்டால் எந்தக் குழந்தைக்கும் கேடு வராது. நுண்சொட்டுக் குழாயில் 60 சொட்டு ஒரு மி.லி. ஆவதால், மணிக்கு 50 மி.லி. என்பது நிமிடத்துக்கு 50 சொட்டு ஆகிவிடும், தனியாக வகுக்க வேண்டியதில்லை.

இந்த 1,200 மி.லி. என்பது எல்லா வழியிலும் உள்ளே போகும் மொத்தத் திரவம். நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைக் கலந்து ஏற்றும் 50 மி.லி., மூக்கு வழியே இரைப்பைக்குச் செல்லும் ரைல்ஸ் குழாயில் கொடுக்கும் பால், மாத்திரையுடன் பருகிய தண்ணீர் ஆகிய அனைத்தும் இதற்குள் அடங்க வேண்டும். சிரைவழித் திரவத்தைத் தனியாகவும் பாலைத் தனியாகவும் முழுக் கணக்கில் கொடுப்பதே வார்டுகளில் அடிக்கடி நேரும் தவறு. குழந்தையின் முகம் அதைத்ததும்தான் அது கண்ணில் படும்.

அளவைச் சரியாகச் சொன்ன அந்த 1957 வாய்பாடு, உப்பின் அளவில் இன்றைய அறிவுக்கு ஒத்துவரவில்லை. அன்று பரிந்துரைத்த சோடியம் மிகக் குறைவு. நோயுற்ற குழந்தையின் உடல் நீரைப் பிடித்துவைக்கும் இயல்புடையது. உப்பு குறைந்த திரவம் அதில் ஏறும்போது இரத்தச் சோடியம் இறங்கி, மூளை வீங்கி, வலிப்பு வரை போகக்கூடும். ஆகவே 28 நாள் முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு, இரத்தத்துக்கு இணையான உப்புச் செறிவுள்ள திரவத்தையே உரிய அளவு டெக்ஸ்ட்ரோஸ் என்ற சர்க்கரையும் பொட்டாசியமும் சேர்த்துத் தர வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2018-இல் வழிகாட்டியது. பொட்டாசியத்தைக் குழந்தை சிறுநீர் கழிக்கிறது என்று உறுதி செய்த பிறகே சேர்க்க வேண்டும். சிரைவழித் திரவம் பற்றி இங்கே சொல்லப்படுபவை அனைத்தும் மருத்துவமனைப் பணியாளர்களுக்கு உரியவை, வீட்டில் செய்து பார்ப்பதற்கல்ல.

பச்சிளங்குழந்தைக்கு வேறு கணக்கு

பிறந்த குழந்தையின் உடலில் நீர் மிகுதியாக இருப்பதாலும், முதல் சில நாள்களில் அதை வெளியேற்றுவது இயல்பு என்பதாலும், மேற்சொன்ன மூன்று படிக் கணக்கை இங்கே பயன்படுத்தவே கூடாது. 1,500 கிராமும் அதற்கு மேலும் எடையுள்ள குழந்தைக்கு முதல் நாளில் கிலோவுக்கு 60 மி.லி. எனத் தொடங்கி, நாள்தோறும் 15 மி.லி. உயர்த்தி, ஏழாம் நாளில் 150 மி.லி.க்குக் கொண்டுவர வேண்டும். 1,500 கிராமுக்குக் குறைந்த குழந்தையின் தோல் மெல்லியது, அதன் வழியே நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். அதற்கு 80 மி.லி.யில் தொடங்கி அதேபோல் உயர்த்தி 150-இல் நிறுத்த வேண்டும். மஞ்சள்காமாலைக்காக ஒளி சிகிச்சையில் இருக்கும் குழந்தைக்கு வழக்கமாகக் கிலோவுக்கு 10 முதல் 20 மி.லி. வரை கூட்டுவார்கள். ஆனால் தாய்ப்பால் நன்றாகக் குடித்து எடை அதிகம் இறங்காத குழந்தைக்கு விளக்கொளியைக் காரணமாகக் காட்டிக் கூடுதல் திரவம் ஏற்றுவது வீண் வேலை என்பது என் கருத்து.

முதல் வாரத்தில் எடை பத்து விழுக்காடு வரை இறங்குவது வழக்கம். இரண்டாம் வார முடிவுக்குள் பிறப்பெடை திரும்பிவிடும். அதுவரை இன்றைய எடையை வைத்துக் கணக்கிட்டால், இளைத்த குழந்தைக்கு இன்னும் குறைவாகக் கொடுப்பதாகிவிடும் என்பதால் பிறப்பெடையையே பயன்படுத்த வேண்டும்.

பிறப்பெடை 1,400 கிராம், இன்று நான்காம் நாள் என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் 80, பிறகு 95, 110, இன்று 125. 1.4 கிலோவால் பெருக்கினால் நாளுக்கு 175 மி.லி. குழந்தை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை 6 மி.லி. தாய்ப்பால் ஏற்கிறது என்றால் பன்னிரண்டு வேளைக்கு 72 மி.லி. ஆயிற்று. மீதி 103 மி.லி. சிரை வழியாக, மணிக்கு 4.3 மி.லி. வீதம் போக வேண்டும். நாளை பாலைக் கூட்டினால் கூட்டிய அளவைச் சிரைவழித் திரவத்திலிருந்து கழிக்க வேண்டும்.

சிரைவழித் திரவம் மட்டுமே பெறும் முதல் நாள் குழந்தைக்குச் சர்க்கரை போதுமா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். டெக்ஸ்ட்ரோஸின் விழுக்காட்டைக் கிலோவுக்கான ஒரு நாள் மி.லி. அளவால் பெருக்கி 144-ஆல் வகுத்தால், கிலோவுக்கு நிமிடத்துக்கு எத்தனை மில்லிகிராம் குளுக்கோஸ் போகிறது என்பது தெரியும். 10 விழுக்காட்டு டெக்ஸ்ட்ரோஸைக் கிலோவுக்கு 80 மி.லி. கொடுத்தால் 5.6 வரும், தொடக்கத்தில் 4 முதல் 6 வரை இருந்தால் போதும்.

உறிஞ்சத் தெரியாத, ஆனால் விழுங்கத் தெரிந்த குழந்தைக்குப் புட்டியைவிடப் பாலாடை சிறந்தது. நம் வீடுகளில் சங்கு என்றும் வழங்கும் இதில் அளவு தெரியும். கொதிக்கவைத்துச் சுத்தம் செய்வதும் எளிது. குழந்தையைச் சற்று நிமிர்த்திப் பிடித்து, பாலாடையின் மூக்கைக் குழந்தையின் கீழுதட்டில் வைத்து, பால் வாயோரத்தில் வழியுமாறு சாய்த்து, ஒவ்வொரு வாயையும் விழுங்கிய பிறகே அடுத்ததைக் கொடுக்க வேண்டும். சிந்திய பாலையும் கணக்கில் கழிக்க வேண்டும், 15 மி.லி. ஊற்றிக் கழுத்துத் துணியில் 5 மி.லி. போனால் குழந்தைக்குச் சேர்ந்தது 10 மி.லி.தான்.

நிறைமாதத்தில் பிறந்து தாயிடம் நேரே குடிக்கும் குழந்தைக்கு எந்தக் கணக்கும் வேண்டாம். நாளில் எட்டு முதல் பன்னிரண்டு முறை பால் குடிப்பதும், முதல் வாரத்துக்குப் பிறகு நாளில் ஆறு முறைக்குக் குறையாமல் சிறுநீர் கழிப்பதும், முதல் மூன்று மாதங்களில் நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் எடை கூடுவதும் போதுமான சான்றுகள். கத்திரி வெயிலிலும் ஆறு மாதம் வரை தண்ணீர் தர வேண்டியதில்லை. தாய்ப்பாலில் பெரும்பகுதி நீர்தான். தனியே கொடுக்கும் தண்ணீர் வயிற்றை நிரப்பிப் பாலைக் குறைக்கும், தொற்றையும் கொண்டுவரும். தாய்ப்பாலுக்கு வழியில்லாமல் பால்மாவு தரும் இடத்தில் கிலோவுக்கு 150 மி.லி. என்று கணக்கிட்டு, டப்பாவில் சொன்ன அளவு நீரிலேயே கலக்க வேண்டும். மாவை மிச்சப்படுத்த நீரைக் கூட்டினால் கணக்கு மி.லி.யில் சரியாகவும் கலோரியில் பொய்யாகவும் இருக்கும்.

வயிற்றுப்போக்கில் இழந்ததை ஈடுசெய்தல்

அன்றாடத் தேவை வேறு, இழந்ததை ஈடுகட்டுவது வேறு. நீரிழப்பின் குறிகள் இல்லாத குழந்தைக்கு, ஒவ்வொரு முறை தண்ணீராகப் போன பிறகும் இரண்டு வயதுக்குள் என்றால் 50 முதல் 100 மி.லி., அதற்கு மேல் என்றால் 100 முதல் 200 மி.லி. ஓ.ஆர்.எஸ். கரைசலை வீட்டிலேயே கொடுத்து, வழக்கமான உணவையும் தாய்ப்பாலையும் தொடர வேண்டும்.

கண்கள் குழிவிழுந்து, குழந்தை எரிச்சலுற்று, தண்ணீரைக் கண்டதும் பாய்ந்து குடித்து, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத் திரும்பினால் அது ஓரளவு நீரிழப்பு. அப்போது கிலோவுக்கு 75 மி.லி. கரைசலை நான்கு மணி நேரத்தில், சுகாதார நிலையத்தில் வைத்துக் கொடுக்க வேண்டும். 8 கிலோ குழந்தைக்கு 600 மி.லி., மணிக்கு 150 மி.லி. இதைத் தாயிடம் எண்ணாகச் சொன்னால் மலைத்துப் போவார், 5 மி.லி. கரண்டியில் இரண்டு நிமிடத்துக்கு ஒன்று என்று சொன்னால் முடியும், கணக்கும் மிகச் சரியாக மணிக்கு 150-இல் வந்து நிற்கும். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் நிறுத்தி, இன்னும் மெதுவாகத் தொடர வேண்டும். நான்கு மணி நேரம் கழித்து எடையையும் குறிகளையும் மீண்டும் பார்க்க வேண்டும்.

குழந்தை துவண்டு, குடிக்க முடியாமல், தோல் திரும்ப இரண்டு வினாடிக்கு மேல் ஆனால் அது கடுமையான நீரிழப்பு. கிலோவுக்கு 100 மி.லி. ரிங்கர் லாக்டேட் என்ற உப்புத் திரவம் சிரை வழியாகச் செல்ல வேண்டும். ஒரு வயதுக்குள் என்றால் முதல் 30 மி.லி. ஒரு மணி நேரத்திலும் மீதி 70 மி.லி. ஐந்து மணி நேரத்திலும், ஒரு வயதுக்கு மேல் என்றால் அவையே முறையே அரை மணியிலும் இரண்டரை மணியிலும் ஏற வேண்டும். பத்து மாத, 8 கிலோ குழந்தைக்கு முதல் மணியில் 240 மி.லி.; ஒரு மி.லி.க்கு 20 சொட்டு விழும் குழாயில் அது நிமிடத்துக்கு 80 சொட்டு. அடுத்த ஐந்து மணிக்கு 560 மி.லி., ஏறத்தாழ நிமிடத்துக்கு 37 சொட்டு. இங்கே நுண்சொட்டுக் குழாயை மாட்டினால் நிமிடத்துக்கு 240 சொட்டு எண்ண வேண்டிவரும். ஆகவே குழாயைத் தேர்ந்தெடுப்பதும் கணக்கின் ஒரு பகுதியே.

ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒரு லிட்டருக்கு என்று இருந்தால் முழுப் பொட்டலத்தையும் ஒரு லிட்டர் குடிநீரில் கரைக்க வேண்டும், 200 மி.லி. பொட்டலமும் கடைகளில் உண்டு. ஒரு டம்ளருக்கு ஒரு கரண்டி என்று கண்ணளவில் போடுவது உயிருக்கே ஆபத்தாகலாம், ஏனெனில் செறிவு மிகுந்த கரைசல் குடலுக்குள் மேலும் நீரை இழுக்கும். இப்போதைய கரைசலில் லிட்டருக்கு 75 மில்லிமோல் சோடியமும் 75 மில்லிமோல் குளுக்கோஸும் இருப்பதன் நோக்கம், இரண்டும் கைகோத்துக் குடல் சுவரைக் கடக்கும்போது நீரையும் உடன் அழைத்துச் செல்வதே. அந்த விகிதம் இல்லாத இனிப்புப் பானங்களை, அட்டைப் பெட்டியில் என்ன அச்சிட்டிருந்தாலும், ஓ.ஆர்.எஸ். என்று எண்ணிக் கொடுக்கக் கூடாது. துத்தநாகத்தையும் பதினான்கு நாள் தர வேண்டும்: ஆறு மாதத்துக்குள் 10 மில்லிகிராம், அதன் பிறகு 20 மில்லிகிராம்.

ஆறு மாதத்துக்குப் பின் கலோரிக் கணக்கு

தாய்ப்பாலில் கிடைப்பது போக, 6 முதல் 8 மாதம் வரை நாளுக்கு ஏறத்தாழ 200 கிலோகலோரியும், 9 முதல் 11 மாதம் வரை 300-உம், 12 முதல் 23 மாதம் வரை 550-உம் இணை உணவிலிருந்து வர வேண்டும். இதைவிட முக்கியமான கேள்வி, அந்தக் கலோரி குழந்தையின் வயிற்றில் அடங்குமா என்பது. இரைப்பையின் கொள்ளளவு ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 30 மி.லி. அளவுதான், 7 கிலோ குழந்தைக்கு 210 மி.லி.

10 கிராம் அரிசியைக் கஞ்சியாகக் காய்ச்சினால் 35 கிலோகலோரி கிடைக்கும். அது 120 கிராம் கஞ்சியாக நீர்த்திருந்தால் கிராமுக்கு 0.3 கிலோகலோரிகூட இல்லை. அந்தக் கஞ்சியால் 200 கிலோகலோரியை எட்ட ஏறத்தாழ 690 கிராம் ஊட்ட வேண்டும். மூன்று முறை வயிறு நிரம்பியும் போதாது, தாய்ப்பாலுக்கும் இடமிருக்காது. பருப்புத் தண்ணீர் மட்டும் கொடுப்பதன் குறையும் இதுவே. பருப்பைக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டுத் தண்ணீரைப் பெரியவர்கள் ரசத்தில் விட்டுக்கொள்ளலாம். கிராமுக்கு 0.8 கிலோகலோரி என்ற செறிவு இருந்தால் 250 கிராமில், இரண்டு வேளையில் கணக்கு முடிந்துவிடும். அதற்கு வழி எளிது. கரண்டியைச் சாய்த்தால் வழியாத பதத்தில் குழைய மசித்து, ஒரு தேக்கரண்டி நெய்யோ நல்லெண்ணெயோ சேர்த்தால் 40 கிலோகலோரி கூடும். கேழ்வரகை முளைகட்டி உலர்த்தி அரைத்த மாவில் மாவுச்சத்தை உடைக்கும் நொதி இருப்பதால், கூழ் கட்டியாகாமல் அதிக மாவை ஏற்கும். நம் பாட்டிகளின் முறைக்கு ஆய்வகம் தரும் விளக்கம் இது.

ஒரு வயதுக்கு மேல், 1,000 கிலோகலோரியுடன் வயது ஒவ்வொன்றுக்கும் 100 கூட்டினால் தோராயத் தேவை கிடைத்துவிடும்: நான்கு வயதுக்கு 1,400. அதை மூன்று உணவும் இரண்டு சிற்றுண்டியுமாகப் பிரிப்பது எளிது. பாலை அரை லிட்டருக்குள் நிறுத்தாவிட்டால் சோற்றுக்குப் பசியும் இரத்தத்துக்கு இரும்புச்சத்தும் இல்லாமல் போகும்.

வாய்பாட்டை மாற்ற வேண்டிய இடங்கள்

காய்ச்சலில் ஒவ்வொரு செல்சியஸ் டிகிரி உயர்வுக்கும் திரவத் தேவை 10 முதல் 12 விழுக்காடு கூடுகிறது. மாறாக, மூளைக்காய்ச்சல், கடும் நிமோனியா, அறுவைக்குப் பிந்தைய நிலை ஆகியவற்றில் உடல் நீரைப் பிடித்துவைப்பதால், நீரிழப்பு இல்லை என்று உறுதியான பிறகு, மூன்றில் இரண்டு பங்கே கொடுப்பதுண்டு. டெங்கு காய்ச்சலில் இரத்தக் குழாய்களிலிருந்து திரவம் கசியும் கட்டத்தில் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. அங்கே இரத்த அடர்த்தியையும் நாடித்துடிப்பையும் பார்த்து மணிக்கு மணி மாற்ற வேண்டும், தேவைக்கு மேல் ஏற்றிய நீர் நுரையீரலைச் சுற்றிச் சேரும்.

மேற்கைச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் குறைந்த, கடும் ஊட்டக்குறைவுள்ள குழந்தையிடம் தோல் கிள்ளும் சோதனை ஏமாற்றும், ஏனெனில் கொழுப்பில்லாத தோல் எப்போதுமே மெதுவாகத்தான் திரும்பும். பலவீனமான இதயம் வேகமாக ஏறும் திரவத்தைத் தாங்காது. வீக்கம் அதிகமில்லாவிடில் எஃப்-75 என்னும் சிறப்புப் பாலைக் கிலோவுக்கு நாளொன்றுக்கு 130 மி.லி. தரலாம், 6 கிலோ குழந்தைக்கு 780 மி.லி., இரண்டு மணிக்கு ஒரு முறை 65 மி.லி., இரவிலும் விடாமல். இரவு வேளை ஒன்று தவறினால் இரத்தச் சர்க்கரை இறங்கிவிடும்.

எழுதிய கணக்கு சரிதானா என்பதைச் சிறுநீரும் மறுநாள் எடையுமே சொல்லும். கைக்குழந்தைக்கு மணிக்குக் கிலோவுக்கு ஒரு மி.லி.க்குக் குறையாமல் சிறுநீர் வர வேண்டும். உலர்ந்த டயப்பரின் எடையை ஈர டயப்பரின் எடையிலிருந்து கழித்தால், ஒவ்வொரு கிராமும் ஒரு மி.லி. ஒரே இரவில் 200 கிராம் கூடிய கைக்குழந்தைக்குச் சதை வளரவில்லை, நீர் சேர்ந்திருக்கிறது. முன் சொன்ன 1,400 கிராம் குழந்தை பிறப்பெடையை மீட்டபின் நாளொன்றுக்குக் கிலோவுக்கு ஏறத்தாழ 15 கிராம், அதாவது 20 கிராமளவு, கூட வேண்டும். மூன்று நாள் தொடர்ந்து கூடவில்லை என்றால், தொற்றோ குளிரோ காரணமில்லை என்று பார்த்தபின், பாலைக் கிலோவுக்கு 150-இலிருந்து 180 மி.லி.க்குப் படிப்படியாக உயர்த்தி, அன்றைய புதிய எடையால் பெருக்கி, வேளை அளவை மறுபடியும் எழுத வேண்டும்.